தாழ்ப்பாள் இல்லாத அறை

நாற்காலியை உடைத்தவன் நான்தான். சைகோனிலிருந்து கப்பலில் வந்த பிரம்பு நாற்காலி அது. அத்தனை கடலைத் தாண்டி வந்தது, விழுப்புரத்து மண்டிக் கணக்கப்பிள்ளை ஒருவன் ஏறி நின்றதும் ஒரு காலை மடக்கிக்கொண்டது. நாற்காலி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். என் கையிலிருந்த பித்தளைச் செம்பு எங்கள் இருவருக்கும் பொதுவாக நடுவில் உருண்டது. புதுச்சேரியே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற நேரம். செம்பு சுவரில் முட்டி நின்ற பிறகும் அதன் சத்தம் மட்டும் வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

படிக்கட்டில் தடதடவென்று ஆட்கள் ஏறி வந்தார்கள். கதவு இடிபட்டது.

"தம்பி, கதவத் தொறங்க. தொறங்க தம்பி."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து தாழ்ப்பாளை நீக்கினேன். வாசலில் ஓட்டல்கார அம்மாள் ஆனந்தமேரி நின்றார். அவருக்குப் பின்னால், நிலைப்படியை அடைத்துக்கொண்டு, அவர் கணவர் பிரான்சுவா. அவர் தோளுக்குக் கீழே எட்டிப் பார்த்தபடி சமையல்காரி வீராயி. மூன்று பேரும் என்னைப் பார்க்கவில்லை. கவிழ்ந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தார்கள். மேலே உத்தரத்தைப் பார்த்தார்கள். நான் அப்போதுதான் போட்டு முடித்திருந்த கயிறு அங்கே இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னா பண்ணிட்டிருந்தீங்க?" என்றார் ஆனந்தமேரி அம்மாள், மிக மெதுவாக.

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான்."

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் மச்சான் கண்ணையன் அதற்கு அனுமதி கொடுக்கவில்லை. மச்சான் ஒருமுறை மதராசில் ஓட்டலில் தங்கிச் செருப்பைத் தொலைத்தவர். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஓட்டல் சம்பந்தமாக அவர் சொல்வதுதான் சட்டம். தனியாக ஓட்டலில் தங்கினால் கதவுப் பிடியில் கயிற்றைக் கட்டி, உத்தரத்தின் மேலே போட்டு, மறுமுனையில் செம்பைத் தொங்கவிட வேண்டும். எவனாவது கதவைத் திறந்தால் செம்பு விழுந்து நம்மை எழுப்பும். இந்த ஏற்பாட்டை யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் நம்மிடம் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

என்னிடம் ஏதோ இருந்தது. அதுதான் விஷயம்.

வேட்டி மடிப்புக்குள், துணிப் பையில், இடுப்போடு இறுக்கிக் கட்டிய ஒரு ஜோடி கெட்டிக் காப்பு. என் மனைவி பார்வதி போட்டிருந்தது. போன ஐப்பசியில் அவள் போய்விட்டாள். போவதற்குமுன் காப்பைக் கழற்றச் சொல்லி, "இது எங்கண்ணன் பொண்ணு தையல்நாயகிக்கு. அது கல்யாணத்துல உங்க கையாலதான் குடுக்கணும். வேற யார் கையிலயும் குடுத்தனுப்பக் கூடாது" என்றாள். என்னை நம்பி அவள் ஒப்படைத்த ஒரே காரியம் அது. கடைக்கு அனுப்பினால் புளி வாங்கக் கூட மறந்துவிட்டு வருகிறவன் என்று அவளுக்குத் தெரியாததல்ல.

கல்யாணம் அரியாங்குப்பத்தில், மாப்பிள்ளை வீட்டில். நான் நாளைக் காலையில் ரயிலேறியிருந்தாலே போதும். ஆனால் ரயிலைத் தவறவிடுவதில் எனக்குள்ள கைராசியை யோசித்து இன்றே வந்துவிட்டேன். இன்று நவமி. நகையை எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குள் நுழையக் கூடாது. ஆகவே ஒரு ராத்திரி புதுச்சேரியில், ஓட்டலில், நானும் காப்பும் மட்டும்.

பிரான்சுவா உள்ளே வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சைகோனில் இருந்து ஓய்வு பெற்றவர். சிப்பாய் என்று நாம் சொல்வதைத்தான் இந்த ஊரில் சொல்தா என்கிறார்கள். கதவளவு உடம்பு, மீசைக்குள்ளேயே முடிந்துவிடுகிற பேச்சு. உத்தரத்திலிருந்து கயிற்றை உருவி, முழங்கையில் சுற்றி, கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"முசே, அது என்னோட கயிறு" என்றேன், இந்த ஊர் மரியாதைப்படி.

"எங்கிட்ட இருக்கட்டும்."

"எதுக்கு?"

"எலி கடிக்கும்" என்றார் பிரான்சுவா.

நாற்காலிக்கு நஷ்டம் தருகிறேன் என்றேன். அது யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. பிரியமான நாற்காலி உடைந்ததற்கு ஒரு வார்த்தை திட்டாதவர்கள் என் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே போனார்கள். வேறு எதற்கோ குறி வைத்திருப்பவர்கள்தான் நாற்காலியைப் பெரிதுபண்ண மாட்டார்கள் என்று என் மண்டிக் கணக்குப் புத்தி சொன்னது.

யோசிக்க யோசிக்க, காலையில் நான் வந்து இறங்கியதிலிருந்தே எல்லாம் கோணலாகத் தெரிந்தது. வந்ததும் அந்த அம்மாள் பேர் கேட்டார். ஓட்டலில் சொந்தப் பேரைச் சொல்லாதே என்பது மச்சானின் விதி. நான் வேறு பேர் யோசித்து வைத்திருக்கவில்லை. சுவரில் இருந்த மாதா படத்தையும் கூரையையும் பார்த்துவிட்டு, "கோவிந்தசாமி" என்றேன். என் பேர் ராமலிங்கம்.

"பேர சொல்ல இவ்ளோ நேரமா? வீட்ல யாரு இருக்காங்க?"

எல்லாரும் இருக்கிறார்கள், பெரிய குடும்பம், தம்பிமார் எல்லாம் பயில்வான்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் முந்திக்கொண்டது. "யாரும் இல்லம்மா" என்றுவிட்டேன். அந்த ஒரு பதில்தான் நிஜம்.

"எப்ப பொறப்படுவீங்க?"

புறப்படும் நேரத்தைச் சொல்லவே கூடாது. "போற நேரம் யாருக்குத் தெரியுது" என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்த அம்மாளின் முகம் மாறியதையும் பார்த்தேன். கேட்க ஆளில்லாதவன், தனியாக வந்திருக்கிறான், எப்போது போவான் என்று யாருக்கும் தெரியாது. ஓட்டல்காரர்களுக்கு இதைவிட வசதியான ஆள் எங்கே கிடைப்பான்?

சற்று நேரத்தில் வீராயி ஒரு தட்டோடு வந்தாள். சோறு, மீன் குழம்பு, நறுக்கிய மாம்பழம். கண்டிப்பாக நான் சாப்பிடக் கூடாது. ஓட்டல் சோற்றில் ஊமத்தை விதையை அரைத்துக் கலந்துவிடுவார்களாம். தின்றவன் விடிந்து எழும்போது கோவணம் மட்டும் மிச்சமிருக்குமாம், அதுவும் கொடுப்பினை இருந்தால். குழம்பின் வாசனை மூக்கின் வழியாக வயிற்றுக்குள் இறங்கிப் போய், அங்கே உட்கார்ந்துகொண்டு என்னைக் கேலி செய்தது.

"பசி இல்ல, எடுத்துட்டுப் போ."

"காலைலயும் ஒண்ணும் சாப்புடல நீங்க."

"இனிமே எதுக்கு சாப்பாடு" என்றேன். நாளைக்குக் கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில்.

வீராயி தட்டை எடுக்கவில்லை. என்னையே பார்த்தபடி நின்றாள். பழம் நறுக்க வைத்திருந்த சின்னக் கத்தியை மட்டும் தட்டிலிருந்து எடுத்து முந்தானையில் சுருட்டிக்கொண்டாள்.

"கத்திய ஏன் எடுக்குற?"

"அடுப்படியில தேவப்படுது" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாகவே நடந்து வெளியே போனாள். எனக்கு முதுகைக் காட்டவில்லை. முதுகைக் காட்டாமல் போகிறவர்களைப் பற்றி மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் பாடத்திட்டத்துக்கு மேற்பட்டது.

வெயில் தாழ்ந்ததும் பையை அறையிலேயே விட்டுவிட்டு வெளியே கிளம்பினேன். வேறு ஓட்டல் பார்த்துவிட்டு வந்து பையை எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். இரண்டு இடங்களில் கேட்டேன். இரண்டு இடத்திலும் என்னை மேலும் கீழும் பார்த்து, "தனியாவா?" என்று கேட்டுவிட்டு இடமில்லை என்றார்கள். இரண்டாவது ஓட்டலின் படியிறங்கும்போது தெருக்கோடியில் பிரான்சுவாவைப் பார்த்தேன். ஒரு வேப்பமரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பினால் அவரும் திரும்பினார். நான் நின்றால் அவர் மரம் தேடினார். கதவளவு மனிதர் ஒளிந்து ஒளிந்து வருவதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் அது அப்போது எனக்கு வரவில்லை. உள்ளங்கால் வேர்த்து, செருப்பு வழுக்கியது. ஆட்கள் இருக்கும் இடமாகப் போவோம் என்று கடற்கரைக்குப் போய், கடலுக்குள் நீளும் இரும்புப் பாலத்தில் ஏறினேன். அங்கே தூண்டில் போடுகிறவர்கள் இருந்தார்கள், வெள்ளைக்காரக் குடும்பங்கள் காற்று வாங்கின. நடந்துகொண்டே போய், ஆட்கள் எல்லாம் பின்னால் நின்றுவிட்டதைக் கவனிக்காமல் பாலத்தின் கடைசிக்கே வந்துவிட்டேன். பயந்தவனின் புத்தி அப்படித்தான். ஓடி ஒளிய இடம் பார்க்கச் சொன்னால் கிணற்றடியைக் காட்டும்.

கீழே தூண்களில் அலை மோதி, நுரைத்து, இழுபட்டுக்கொண்டு போயிற்று. பார்வதி கடலைப் பார்த்ததில்லை. ஒருதடவை கூட்டிப் போகிறேன் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதோ அவள் காப்பாவது பார்க்கட்டும் என்று தோன்றியது. இடுப்பைத் தொட்டுக்கொண்டு கம்பியின்மேல் சாய்ந்து குனிந்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் புஜத்தைப் பிடித்தது. இரும்புப் பிடி. தள்ளினால் அலறக்கூட நேரமிருக்காது. நீச்சலும் தெரியாது. காப்பின் கனமே என்னை அடியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். தையல்நாயகி வெறுங்கையோடு மணையில் உட்கார்ந்திருப்பாள். மச்சான், "மண்டிக் கணக்குல எப்பவோ கைய வெச்சிருப்பான், இப்பக் காப்போட ஓடிட்டான்" என்பார்.

"காத்து ஜாஸ்தி" என்றார் பிரான்சுவா. "வாங்க, வூட்டுக்குப் போலாம்."

"நான் வரேன், நீங்க கைய எடுங்க முசே."

எடுக்கவில்லை. பாலம் முழுவதும், கடற்கரை முழுவதும், தெரு முழுவதும் என் புஜம் அவர் கையிலேயே வந்தது. போகிற வழியில் பார்த்தவர்கள் நாங்கள் நெருங்கிய சிநேகிதர்கள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு போலீஸ்காரர் அவருக்குச் சலாம் வைத்தார். அந்தச் சலாத்தைப் பார்த்ததும் போலீஸுக்கு ஓடுகிற யோசனையையும் கைவிட்டேன்.

அறைக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தேடினேன். கை வெறும் மரத்தைத் தடவியது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி பிடுங்கிய ஓட்டைகள் மட்டும், புது மரத்தூளோடு. பையைத் திறந்தேன். துணிகள் மடித்தது மடித்தபடி இருந்தன. சவரக் கத்தியைக் காணவில்லை. ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் கட்டியிருந்த கொடிக்கயிறுகூட அவிழ்க்கப்பட்டிருந்தது. என்னைக் கட்டுவதற்கு எத்தனை கயிறுதான் வேண்டும் இவர்களுக்கு?

படியில் இறங்கி ஆனந்தமேரி அம்மாளைக் கேட்டேன். குரலைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அது ஆட்டுக்குட்டியின் குரலாக வெளியே வந்தது.

"தாழ்ப்பாள யாரும்மா கழட்டினது?"

"துரு புடிச்சிருந்துது. மாத்தணும்."

"புதுத் தாழ்ப்பாளும்மா அது. பளபளன்னு இருந்துச்சு."

"கடல் காத்துல புதுசும் துரு புடிக்கும் தம்பி."

"என்னோட சவரக் கத்தி?"

"சாணை புடிக்கக் குடுத்திருக்கேன்" என்றார் என் கண்ணைப் பார்க்காமல். "காலைல வாங்கிக்கலாம். மேல போயி ரெஸ்ட் எடுங்க. உங்களப் பாக்க ஒருத்தர் வருவாரு."

கத்திக்குச் சாணை. ஆள் வேறு வருகிறான். நான் வாசலைப் பார்த்தேன். அங்கே பிரான்சுவா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த ஆள் வந்தார். வெள்ளை அங்கவஸ்திரம், கையில் ஜெபமாலை. கோயில் உபதேசியார் சூசைநாதன் என்று சொல்லிக்கொண்டார். வந்தவர் என் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க எங்க வேதம் இல்ல, எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்றேன். மனசுல பாரம் எதுனா இருந்தா எறக்கி வெச்சிடுங்க. இந்த மாதிரி நேரத்துல மனசு லேசா இருக்கணும்."

"எந்த நேரத்துலங்க?"

உபதேசியார் ஜெபமாலையை உருட்டியபடி கண்ணை மூடி முணுமுணுத்தார். இவர்கள் ஒழுங்காகச் செய்கிறவர்கள். கயிறு தயார், கத்தி தயார், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சாவதற்குமுன் பிரார்த்தனைக்கும் ஆள் வைத்திருக்கிறார்கள். வேற்று வேதக்காரனுக்கும் குறை வைக்காத பெரிய மனசு. உபதேசியார் என் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போனார். என்னைக் கொல்லப் போகிறவர்களின் கூட்டாளி எனக்காக அழுகிறார் என்றதும் எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இனி என் உயிர் போனால் போகட்டும் என்ற இடத்துக்கு நான் வந்துவிட்டேன். வீரத்தால் அல்ல, களைப்பால். ஆனால் காப்பு போகக் கூடாது. அந்த வீட்டில் யாரை நம்பலாம் என்று யோசித்தேன். பிரான்சுவா கை இரும்பு. அம்மாள் பேச்சு வழுக்கல். வீராயி கத்தியை எடுத்துக்கொண்டு போனாலும், சோற்றுத் தட்டை இரண்டுதரம் கொண்டுவந்து வைத்தவள். கொலைகாரர்களிலேயே கொஞ்சம் நல்லவள்.

அவள் மூன்றாம் தரம் தட்டோடு வந்து, கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தாள். நான் இடுப்பிலிருந்து பையை அவிழ்த்தேன். காப்பு இரண்டும் விளக்கு வெளிச்சத்தில் பார்வதியின் கைபோலவே தெரிந்தன. வீராயியின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து மூடினேன்.

"வீராயி, உனக்குப் புண்ணியமாப் போகும். அரியாங்குப்பத்துல தையல்நாயகின்னு ஒரு பொண்ணு. நாளான்னிக்கு அதுக்குக் கல்யாணம். காலைல நான் இல்லன்னா இத அதுகிட்ட சேத்துடு. மாமா குடுத்தாருன்னு சொல்லு. என் கையால குடுக்க முடியலன்னு சொல்லு."

வீராயியின் வாய் திறந்தது. தட்டு கீழே விழுந்தது. "ஆத்தா" என்று அவள் போட்ட கூச்சலில் கீழே முக்காலி கவிழும் சத்தம் கேட்டது. பிரான்சுவா மூன்று மூன்று படியாக ஏறி வந்து என்னை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆனந்தமேரி அம்மாள் இரைக்க இரைக்க வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிரான்சுவாவின் மார்பில் என் முகம் அழுந்தியிருந்தது. அவர் நெஞ்சு என் நெஞ்சைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. கொல்ல வந்தவனுக்கு எதற்கு இந்தப் படபடப்பு? அப்போதுதான் முதல்முதலாக எனக்கு வேறு மாதிரி ஒரு பயம் வந்தது. எனக்குப் புரியாத எதையோ கண்டு இவர்களும் பயந்துகொண்டிருக்கிறார்கள் என்ற பயம்.

"மத்தியானத்துலேருந்து கேட்டுட்டே இருக்கேன்" என்றேன். "எலிங்கறீங்க, துருங்கறீங்க, சாணைங்கறீங்க. ஒருத்தரும் நேரா ஒரு வார்த்த சொல்லல. என் பேரு கோவிந்தசாமி இல்ல. ராமலிங்கம். விழுப்புரம். எம்பொண்டாட்டி காப்ப அவ அண்ணன் பொண்ணுக்குக் குடுக்க வந்தேன். அந்தக் கயிறு திருடன் வந்தா செம்பு விழறதுக்குக் கட்டினது. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்கம்மா. என்னை என்ன பண்ணப் போறீங்க?"

பிரான்சுவா என்னை விடாமலே மனைவியைப் பார்த்தார். ஆனந்தமேரி அம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சிந்திக் கிடந்த சோற்றைத் தாண்டி வந்தார். வீராயியின் கையிலிருந்து காப்பை வாங்கி, என் கையை விரித்து அதில் வைத்தார்.

"போன மாசி மாசம் இதே ரூமுக்கு ஒருத்தர் தனியா வந்தாரு. உங்க வயசுதான். பேரு கேட்டா யோசிச்சாரு. வீட்ல யாரும் இல்லன்னாரு. வெச்ச சாப்பாடு வெச்ச மாதிரியே இருந்துது. நமக்கு என்னாத்துக்கு ஊர் வம்புன்னு நான் ஒண்ணும் கேட்டுக்கல. காலைல இவருதான் கதவ ஒடச்சி உள்ள போனாரு. சண்டையில எவ்ளவோ பாத்த மனுஷன், அன்னிலேருந்து ராத்திரி பகல்னு கண்ண மூடறதில்ல. அவரு எந்த ஊரு, யாரு புள்ளன்னு இன்னி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அடக்கத்துக்குக்கூட ஒருத்தரும் வரல. நீங்க சொல்ற கயிறு, செம்பு எல்லாம் நெசமா இருக்கலாம், பொய்யாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது தம்பி, நான் கேக்கவும் மாட்டேன். நாங்க என்னா பண்ணப் போறோம்னா, விடியற வரைக்கும் இந்த ரூம்ல உங்களோட உக்காந்திருப்போம். உங்கள சாவ விட மாட்டோம். காலைல இவரு அரியாங்குப்பம் வரைக்கும் கூட வருவாரு. காப்ப நீங்களே உங்க கையால குடுப்பீங்க."